மக்கள் பிரதிநிதி ஒருவர் நம் இனத்தைச் சுட்டிப் பேசினால் எப்படி எதிர்வினையாற்றுவது?

பரமட்டா வாசகி கேட்டது:

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களிடமும், இந்நாட்டு அரசியலைத் தொடர்ந்து கவனித்து வருபவர்களிடமும் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். 2025 ஆகஸ்ட் 31 அன்று பெருநகரங்கள் பலவற்றில் குடியேற்றத்துக்கு எதிரான பேரணிகள் நடைபெற்றன. அவற்றுக்காகப் பரப்பப்பட்ட துண்டறிக்கை ஒன்று, நூறு ஆண்டுகளில் வந்த கிரேக்கர், இத்தாலியரைக் காட்டிலும் ஐந்தே ஆண்டுகளில் வந்த இந்தியர்கள் அதிகம் என்று எழுதி, நம்மைப் பெயர் சொல்லியே குறிவைத்தது. அந்தச் சூடு தணிவதற்குள், எதிர்க்கட்சிக் கூட்டணியின் செனட்டரும், அப்போது நிழல் அமைச்சராக (ஒரு துறைக்கு எதிர்க்கட்சி நிறுத்தும் பேச்சாளராக) இருந்தவருமான ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ், தொழிற்கட்சி அரசு தனக்கு வாக்களிக்கக்கூடியவர்களையே குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரவழைக்கிறது என்ற பொருள்படத் தொலைக்காட்சி நேர்காணலில் பேசி, இந்தியச் சமூகத்தை அதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டினார்.

துண்டறிக்கையை அடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. ஆனால் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதே கருத்தைச் சற்றே நாகரிகமான சொற்களில் சொல்லும்போது, அதுவரை வாய்க்குள் முணுமுணுத்தவர்களுக்கு உரக்கச் சொல்லும் துணிவு வந்துவிடுகிறது.

எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. வயதில் மூத்தவர்கள், பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது, பதில் சொல்லச் சொல்ல அவர்களுக்கு விளம்பரம்தான் கூடும் என்கிறார்கள். இளைஞர்கள் செனட்டரின் அலுவலக வாசலில் மறியல் செய்ய வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒருவர் கடிதம் ஒன்றை எழுதிப் பகிர்ந்தார். அது, ‘நாங்கள் கடுமையாக உழைப்பவர்கள், ஒழுங்காக வரி செலுத்துபவர்கள், சட்டத்தை மதிப்பவர்கள்’ என்று தொடங்குகிறது. அந்த முதல் வரியைப் படித்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதையும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். இத்தகைய பேச்சுகளுக்கு இந்த நாட்டில் இதுவரை எழுந்த எதிர்வினைகளில் எவை உண்மையிலேயே எதையாவது மாற்றின, எவை வெறும் சத்தத்தோடு முடிந்தன? அறிவுரையைவிட நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய சிட்னிக்காரன் எழுதியது:

சகோதரி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் இங்கு வந்தவன். உங்கள் கேள்விக்கு 1996ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினால்தான் விடை கிடைக்கும்.

அந்த ஆண்டு மார்ச் மாதத் தேர்தலுக்கு முன்னர், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் இப்ஸ்விச்சில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை நடத்திவந்த பாலின் ஹான்சன், பழங்குடி மக்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்துக்காக லிபரல் கட்சியால் கைவிடப்பட்டார். வாக்குச்சீட்டுகள் அதற்குள் அச்சாகியிருந்தமையால், சீட்டில் அவர் பெயருக்கருகே கட்சியின் பெயரும் அப்படியே இருந்தது. தொழிற்கட்சியின் கோட்டை என்று கருதப்பட்ட ஒக்ஸ்லி தொகுதியை அவர் வென்றார். 1996 செப்டெம்பர் 10 அன்று தமது கன்னியுரையில், அவுஸ்திரேலியா ஆசியர்களால் மூழ்கடிக்கப்படும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார். அந்த நாட்களில் ரயிலில் எங்கள் பக்கம் திரும்பிய முகங்களை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. ஆசியர் என்று அவர் சொன்னது முதன்மையாகச் சீனரையும் வியட்நாமியரையும்தான் என்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்வினைக்குக் குறைவே இல்லை. அவர் கூட்டம் நடத்திய மண்டபங்களின் வாசல்களிலெல்லாம் எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள், தலையங்கங்கள் குவிந்தன, மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். ஆனால் பிரதமர் ஜோன் ஹவார்ட் பல மாதங்கள் அவரை நேரடியாகக் கண்டிக்கவில்லை. மாறாக, மக்கள் இப்போது சற்றுத் தாராளமாகப் பேச முடிகிறது என்ற பொருளில் உரையாற்றினார். அக்டோபர் 30 அன்று இன சமத்துவத்தை வலியுறுத்தும் தீர்மானம் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. பிரதமர் முன்மொழிந்தார், எதிர்க்கட்சித் தலைவர் வழிமொழிந்தார். ஹான்சனின் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. 1997இல் அவர் ஒன் நேஷன் கட்சியைத் தொடங்கினார். 1998 ஜூனில் நடந்த குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் அந்தக் கட்சி ஏறத்தாழ 23 சதவீத வாக்குகளுடன் 11 ஆசனங்களை வென்றது. இங்கு வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவோம்; பின்தங்கியவர் விலக்கப்பட்டதும் அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். லிபரல், நஷனல் கட்சிகள் தமது வாக்காளர்களின் அடுத்த விருப்பத்தைத் தொழிற்கட்சிக்கு முன்பாக ஒன் நேஷனுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்ததும் அதற்குக் காரணம்.

இனி, நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். அதே ஆண்டு அக்டோபரில் கூட்டாட்சித் தேர்தல் வந்தபோது, லிபரல் கட்சியும் தொழிற்கட்சியும் விருப்ப வரிசையில் ஒன் நேஷனைக் கடைசியில் வைத்தன. பிளேயர் தொகுதியில் ஹான்சன் ஏறத்தாழ 36 சதவீத முதல் வாக்குகளைப் பெற்று எல்லோருக்கும் முன்னால் நின்றார்; ஆனாலும், பரம எதிரிகளான தொழிற்கட்சிக்காரரின் விருப்ப வாக்குகள் லிபரல் வேட்பாளருக்குப் போய்ச் சேர்ந்தமையால் தோற்றார். இரண்டு ஆண்டு ஊர்வலங்களால் முடியாததை வாக்குச்சீட்டில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுச் செய்து முடித்தார்கள். ஊர்வலங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. குயின்ஸ்லாந்தில் அந்தக் கூட்டு வைத்த பிறகு பிரிஸ்பேனின் நகர்ப்புற வாக்காளர் லிபரல் கட்சியைக் கைவிட்டதும், அங்கு ஆட்சியே கைமாறியதும்தான் கட்சிக்காரரைக் கணக்குப் போட வைத்தது. அந்த வாக்காளரின் வெறுப்புக்கு ஊர்வலங்களும் ஒரு பங்கு ஊட்டியிருக்கும்.

ஆனால் முழுக்கதையையும் சொல்லாவிட்டால் ஏமாற்றியவனாவேன். ஒன் நேஷன் 1998இல் முன்வைத்த தற்காலிகப் பாதுகாப்பு விசா என்ற யோசனை, 1999 அக்டோபரில் ஹவார்ட் அரசின் சட்டமாகவே வந்தது. அகதியென்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கும் மூன்று ஆண்டு விசாதான், குடும்பத்தை அழைக்க வழியில்லை. பேச்சைக் கண்டித்தவர்கள் பேசியவரின் கொள்கையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் பலர் பிற்காலத்தில் அந்த விசாவின் கீழ் ஆண்டுக்கணக்கில் தவித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே, ஒருவர் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்பதோடு நிற்காமல், அவர் சொன்னதிலிருந்து எது அடுத்த ஆண்டின் சட்டமூலத்துக்குள் நுழைகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

சட்டப்பிரிவு எழுதியது:

மேலே உள்ள பதிவு வாக்குச்சீட்டைப் பற்றிச் சொன்னது. நான் சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒருவர் என்ன சொன்னார் என்பதைப் போலவே எங்கே நின்று சொன்னார் என்பதும் இங்கே முக்கியம் என்பதுதான். அவைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சட்டத்திலிருந்து வந்த பாதுகாப்பு அது. தொலைக்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் சொல்வதற்கு அந்தக் கவசம் கிடையாது.

2018 ஆகஸ்ட் 14 அன்று செனட்டர் பிரேசர் ஆனிங் தமது கன்னியுரையில், ஐரோப்பியக் கிறித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் குடியேற்றக் கொள்கைக்குத் திரும்ப வேண்டும், முஸ்லிம்களின் வரவை நிறுத்த வேண்டும் என்று பேசி, நாஜிகளின் இனப்படுகொலையை நினைவூட்டும் ‘இறுதித் தீர்வு’ என்ற சொற்றொடரையும் பயன்படுத்தினார். பேசி முடித்ததும் மரபுப்படி சில உறுப்பினர்கள் சென்று அவருடைய கையைக் குலுக்கினார்கள். மறுநாளே அவையில் கண்டனத் தீர்மானம் வந்தது. அதற்குள் செனட்டராகியிருந்த ஹான்சன்கூட அந்த உரையைக் கோயபல்ஸின் கையேட்டிலிருந்து எடுத்தது என்று சாடினார். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட நாளில், ஆனிங் குடியேற்றத்தின் மீதே பழியைப் போட்டு அறிக்கை விட்டபோது, அவரை அவையிலிருந்து நீக்கக் கோரும் மனுவில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இவருக்கு 2016 தேர்தலில் அவர் பெயருக்கென்று விழுந்த முதல் வாக்குகள் வெறும் 19. வேறொருவர் தகுதியிழந்ததால் காலியான இடத்துக்கு வந்தவர் அவர்.

ஆனால் நீக்க முடியவில்லை. நாடாளுமன்றச் சிறப்புரிமைகள் சட்டம், 1987, உறுப்பினரை வெளியேற்றும் அதிகாரத்தையே இரு அவைகளிடமிருந்தும் எடுத்துவிட்டது. பெரும்பான்மையினர் தமக்குப் பிடிக்காத எதிர்க்கட்சிக்காரரைத் துரத்திவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். என் பார்வையில் அது சரியான நோக்கமும்கூட, ஏனெனில் அந்த அதிகாரம் இருந்தால் முதலில் அடிபடுபவர்கள் சிறுபான்மையினரின் குரலாகப் பேசுபவர்களாகத்தான் இருப்பார்கள். ஏப்ரலில் அவை அவரைக் கண்டித்தது, மே மாதத் தேர்தலில் அவரும் அவருடைய கட்சியும் ஓரிடமும் பெறாமல் போனார்கள்.

அவைக்கு வெளியே பேசியதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஃபரூக்கி வழக்கு. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசியார் காலமானபோது, இனவெறிப் பேரரசு ஒன்றின் தலைவருக்காகத் தம்மால் துக்கம் அனுசரிக்க முடியாது என்ற கருத்தில் பசுமைக் கட்சியின் செனட்டர் மெஹ்ரீன் ஃபரூக்கி ட்விட்டரில் எழுதினார். லாகூரில் பிறந்து 1992இல் இங்கு வந்தவர் அவர். மூட்டையைக் கட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கே திரும்பிப் போ என்று ஹான்சன் இழிவாகப் பதிலிட்டார். இனத்தின் பெயரால் ஒருவரைப் பொதுவெளியில் புண்படுத்துவதையும் இழிவுபடுத்துவதையும் தடுக்கும், இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி பிரிவின் கீழ் தொடரப்பட்ட வழக்கில், 2024 நவம்பர் 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பதிவு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அதை நீக்கவும் வழக்குச் செலவைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. ஹான்சன் மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்தார்.

18சி குற்றவியல் பிரிவு அல்ல. சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் ‘நான் கருத்துத்தான் சொன்னேன்’ என்பவர் அதற்கான காரணத்தை நீதிபதி முன் விளக்க வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. 2014இல் அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி ஜார்ஜ் பிராண்டிஸ், மக்களுக்குக் காழ்ப்புணர்வோடு இருக்கவும் உரிமை உண்டு என்று செனட்டில் வாதிட்டு இப்பிரிவைத் தளர்த்த முயன்றபோது, சீனர், யூதர், அரேபியர், கிரேக்கர், பழங்குடியினர் ஆகியோரின் அமைப்புகள் ஒன்றாக நின்று எதிர்த்தன. ஆகஸ்டில் அரசு அந்த முயற்சியைக் கைவிட்டது. அதே பிராண்டிஸ்தான், 2017இல் ஹான்சன் கேலிக்காக புர்கா அணிந்து அவைக்கு வந்தபோது, குரல் தழுதழுக்க அவரைக் கண்டித்தார். எதிர்வரிசையிலிருந்த தொழிற்கட்சியினரும் பசுமைக் கட்சியினரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனிதர்களை ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில், பிரைஸின் பேச்சு 18சி வரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஓர் அரசியல் குற்றச்சாட்டின் வடிவில் இருந்தது. வழக்கறிஞரைத் தேட வேண்டாம்.

நெய்தல் எழுதியது:

எல்லாரும் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். 2017இல் ஹான்சன் புர்காவோடு அவைக்கு வந்தார். 2025 நவம்பரில் மறுபடியும் அதையே செய்து ஏழு அமர்வு நாள்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். 2018 அக்டோபரில் ‘வெள்ளையாக இருப்பதில் தவறில்லை’ என்ற வெள்ளை இனவாதிகளின் முழக்கத்தை அவர் தீர்மானமாகக் கொண்டுவந்தபோது, ஆளுங்கட்சி உறுப்பினர்களே ஆதரித்து வாக்களித்து, 31க்கு 28 என்ற கணக்கில் மயிரிழையில்தான் அது தோற்றது. மறுநாள் நிர்வாகப் பிழை என்று சொல்லி மறுவாக்கெடுப்பு நடத்தினார்கள். இவற்றில் எதற்காவது நம் தமிழ்ச் சங்கங்கள் ஒரு வரி அறிக்கை விட்டனவா? எனக்குத் தெரிந்த சங்கத்தில் 2017இல் இதைப் பற்றிப் பேச முயன்றவரை, அரசியல் வேண்டாம், கலைநிகழ்ச்சிக்கு மானியம் கேட்டிருக்கிறோம் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். இப்போது இந்தியர் என்ற பெயர் அடிபட்டதும் எல்லாருக்கும் சுருக்கென்கிறது.

பிரைஸ் தாமே பழங்குடித் தாய்க்குப் பிறந்தவர் என்பதால், குழுக்களில் சிலர் அவருக்குக் கொடுத்த பதில்களைப் படிக்கவே கூசியது. நம்மைச் சுட்டிப் பேசியவருக்குப் பதிலாக, இந்த மண்ணின் முதல் குடிகளை ஏளனம் செய்யும் படங்களைப் பகிர்ந்தவர்கள் நம்மவர்களில் உண்டு. அதைக் கண்டிக்காத குழு வெளியில் யாருக்குக் கடிதம் எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை.

அந்தக் கடிதத்தின் முதல் வரி ஏன் உறுத்துகிறது என்று கேட்டீர்கள். உழைப்பாளி, வரி கட்டுபவர், சட்டத்துக்கு அடங்கியவர் என்று நற்சான்றிதழ் நீட்டினால், அந்தச் சான்றிதழ் இல்லாதவரைப் பழிக்கலாம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிறது. வேலையிழந்த தமிழனுக்கும், விசா முடிவு வராமல் காத்திருக்கும் அகதிக்கும் அந்தக் கடிதத்தில் இடம் எங்கே?

பரமட்டா வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நெய்தல் அவர்களின் கடைசிப் பத்தி, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டது. சங்கத்தைப் பற்றிய குறையை மறுப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை.

ஒன்றை மட்டும் மேலும் கேட்கிறேன். பிரைஸ் விவகாரத்தில் செப்டம்பர் 10 அன்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சூசன் லே அவரை நிழல் அமைச்சர் பொறுப்பிலிருந்து நீக்கினார். மறுநாள் இந்தியச் சமூகத்திடம் லே மன்னிப்பும் கேட்டார். அப்படியானால் மறியலோ வழக்கோ இல்லாமலேயே எதிர்வினை பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? கடிதம் எழுதுவதாக இருந்தால் அதில் என்ன இருக்க வேண்டும்?

கிளைத் தொண்டன் எழுதியது:

நான் ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகளாகத் தொண்டனாக இருப்பவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. பலித்தது என்பதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பிரைஸின் பொறுப்பு பறிபோனதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பாருங்கள்: தலைவர் மீது நம்பிக்கை உண்டு என்று செய்தியாளர்களிடம் சொல்ல அவர் மறுத்தார் என்பதுதான் அது. இந்தியரைப் பற்றிய பேச்சு அல்ல. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேட்டவர் லே. ஆயினும் நடுவில் இருந்த ஒரு வாரத்தில், கட்சியின் நகர்ப்புற உறுப்பினர்களை அவர்களுடைய தொகுதி மக்கள் விடாமல் தொலைபேசியில் பிடித்தார்கள் என்பதை நான் அறிவேன். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்துக்கு அடுத்தபடியாக வெளிநாட்டில் பிறந்தவர்களில் அதிகமானோர் இந்தியாவில் பிறந்தவர்கள். அவர்கள் 6,73,352 பேர். சிட்னியிலும் மெல்பர்னிலும் தொகுதிகளை இழந்து நிற்கும் கட்சிக்கு அந்த எண்ணிக்கை நன்றாகவே தெரியும். அந்த எண்ணிக்கை இல்லாத சமூகங்களுக்கு, எடுத்துக்காட்டாகத் தெற்கு சூடானியருக்கு, இதே வேகத்தில் மன்னிப்பு வந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடிதத்தைப் பொறுத்தவரை, உங்களைப் பற்றி எழுதாமல் அவர் சொன்ன கூற்றைப் பற்றி எழுதுங்கள். வாக்குக்காக ஆட்களை வரவழைக்கிறார்கள் என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. இங்கு வந்திறங்கிய எவரும், குறைந்தது நான்கு ஆண்டுகள் சட்டப்படி வசித்து, அதில் கடைசி ஓராண்டாவது நிரந்தர வசிப்பு உரிமையோடு இருந்து, அதன்பின் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றால்தான் வாக்களிக்க முடியும்; மாணவர் விசாவில் வருபவருக்கு நடைமுறையில் இன்னும் நீளும். அதற்குள் ஒரு பொதுத்தேர்தலாவது கடந்துவிடும். மேலும், 1973இல் விட்லம் அரசு இனத்தையும் பிறந்த நாட்டையும் தேர்வு அளவுகோல்களிலிருந்து அகற்றிவிட்டது. திறன் அடிப்படையிலான விசாக்களில் பல இப்போது வயது, தொழில், கல்வி, ஆங்கிலப் புலமை போன்றவற்றைக் கொண்டே வழங்கப்படுகின்றன. இரு கட்சிகளும் ஆட்சியில் இருந்தபோது அதே முறையைத்தான் நடத்தின. இவ்வளவும் ஒரு பத்திக்குள் அடங்கும். அதன்பின் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: இந்தக் கூற்று உங்கள் கட்சியின் நிலைப்பாடா, இல்லையா? விடையை எழுத்தில் கேளுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். பேசிய செனட்டருக்கு அனுப்பினால் அவருடைய ஆதரவாளர்களிடம் காட்டுவதற்கு அவருக்கு ஒரு தாள் கிடைக்கும், அவ்வளவுதான். அவர் வடக்கு ஆட்சிப்புலத்தைச் சேர்ந்தவர். உங்கள் வாக்கு அவருக்குத் தேவையே இல்லை. அவருடைய கட்சித் தலைமைக்கும், உங்கள் மாநிலத்தில் அதே கட்சியின் செனட்டர்களுக்கும், உங்கள் தொகுதியில் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவருக்கும் அனுப்புங்கள். சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் போதாது. அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் முதலில் பார்ப்பது அஞ்சல் குறியீட்டைத்தான். தொகுதிக்குள் வசிப்பவர் தம் சொந்தச் சொற்களில் எழுதிய நான்கு வரிகள் தனிக் கட்டில் சேரும், ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பிய நூறு மின்னஞ்சல்கள் ஒன்றாகவே எண்ணப்படும்.

பரமட்டா வாசகி எழுதியது:

முதல் வரியை எடுத்துவிட்டு, நான்காண்டு விதியோடு தொடங்கும்படி கடிதத்தை மாற்றி எழுதிக் குழுவில் போட்டேன். பெரியவர்களுக்கு அதில் மறுப்பில்லை. முஸ்லிம்களையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்திய பேச்சுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்று நான் சேர்த்த இரண்டாவது பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அந்தப் பத்தி இல்லாத கடிதத்தில் கையெழுத்திட எனக்கு விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது.